மாடிப்படிக்கு நாற்காலி லிஃப்ட் வாங்குகிறீர்களா? முதலில் ஆளை அளங்கள், பிறகு படியை

மாடி ஏற முடியாதவருக்கு ஸ்டேர் லிஃப்ட் போடலாம் என்று முடிவானதும், பெரும்பாலான வீடுகளில் உடனே கம்பெனிக்காரரை வரவழைத்துப் படியை அளக்கச் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதில் உட்காரப் போகிறவரை அளக்க வேண்டும். அவர் உயரம், எடை, முழங்கால் மடங்கும் அளவு, எந்தக் கை வலுவானது, நாற்காலிக்கு நாற்காலி எப்படி மாறுகிறார் என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். படியில் நாற்காலி ஓடுகிற தூரத்தில் சிக்கல் வருவது அபூர்வம். ஏறி உட்காரும் கீழ் முனையிலும், எழுந்து இறங்கும் மேல் முனையிலும்தான் தொல்லை வரும். வாங்கிய பிறகு துணி உலர்த்தும் ஸ்டாண்டாக நின்றுபோகும் லிஃப்டுகள் பலவும் அந்த இரண்டு முனைகளைப் பார்க்காமல் வாங்கியவைதான்.

கருவி எளிமையானது. படிகளின் மேல் ஒரு ரெயில் பதிக்கப்படும். அதன் மேல் மோட்டார் பெட்டியோடு ஒரு நாற்காலி ஓடும். ரெயிலைச் சுவர் தாங்குவதில்லை, படிகள்தான் தாங்குகின்றன. நாற்காலி படிக்குக் குறுக்காக இருக்கும். உட்காருபவர் முதுகு ஒரு பக்கச் சுவரிலும் முழங்கால் எதிர்ப்பக்கத்திலுமாகப் பக்கவாட்டில் போவார். எடை வரம்பு மாடலைப் பொறுத்து மாறும். பலவற்றில் 120 முதல் 140 கிலோ வரை. இதற்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 9386-2, ஐரோப்பியத் தரம் இ.என். 81-40. வேகம் நொடிக்கு 0.15 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. 10 அடி உயர மாடிக்கு ரெயில் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் வரும். ஏற அரை நிமிடத்துக்கு மேல், ஒரு நிமிடம் வரை ஆகும்.

முதலாவது: உட்கார்ந்து எழும் சோதனை

கைப்பிடி இல்லாத, ஆடாத சாப்பாட்டு நாற்காலி ஒன்றை எடுங்கள். இருக்கை தரையிலிருந்து 45 செ.மீ. அளவில் இருக்கட்டும். முதுகுப்பக்கம் சுவரில் ஒட்டும்படி போடுங்கள். அவர் நடப்பவரானால் நடந்து வந்து உட்கார்ந்து எழட்டும். வீல்சேரில் இருப்பவரானால் வீல்சேரிலிருந்து அதற்கு மாறட்டும், பிறகு திரும்பவும் மாறட்டும். ஒரே தடவை பார்த்தால் போதாது. காலையில் ஒரு முறையும், களைத்திருக்கும் மாலையில் ஒரு முறையும் பாருங்கள்.

தானாகவோ, ஒருவர் கை கொடுத்தோ மாற முடிகிறதென்றால் மேற்கொண்டு பார்க்கலாம். இரண்டு பேர் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறதென்றால் நாற்காலி லிஃப்ட் வேண்டாம். கீழே எப்படியோ தூக்கி வைத்துவிடலாம். மேல் முனையில் தூக்குகிறவர்களில் ஒருவர் படியில் நிற்க வேண்டிவரும். அங்கே கால் வழுக்கினால் இருவரும் விழுவார்கள். அப்படிப்பட்டவருக்கு வீல்சேரோடு ஏறும் சாய்வு மேடை லிஃப்டோ, வீட்டுக்குள் நேராக ஏறும் சிறு லிஃப்டோதான் பொருந்தும். சாய்வு மேடைக்குப் படியின் அகலம் ஏறத்தாழ ஒரு மீட்டராவது வேண்டும். நம் வீடுகளின் 3 அடிப் படிகளில் அது சிரமம்.

உடல்நிலைக்கு உடல்நிலை பார்க்க வேண்டியது மாறும்.

பக்கவாதம் வந்தவருக்கு ஒரு சூட்சுமம் உண்டு. நல்ல பக்கமாகத் திரும்பி மாறுவதுதான் எளிது. ஆனால் ஒரே இடத்தில் ஏறும்போது நல்ல பக்கமாக மாறினால், இறங்கும்போது பலவீனமான பக்கமாக மாற வேண்டிவரும். ஆகவே இரு முனைகளிலும் வீல்சேரையோ வாக்கரையோ இரண்டு பக்கமும் வைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு திசையிலும் மாறும் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட்டிடம் முன்கூட்டியே தொடங்கிவிடுங்கள். இயக்கும் சுவிட்ச் நல்ல கைப்பக்கம் வர வேண்டும். மேலே ஏறும்போது இடப்பக்கம் வரும் சுவரை ஒட்டி ரெயில் போட்டால், உட்காருபவரின் இடக்கை மாடிப் பக்கமும் வலக்கை கீழ்ப் பக்கமும் இருக்கும். இதைத் தாளில் வரைந்து வைத்துக்கொண்டு பேசுங்கள், குழப்பம் வராது.

முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்கு மேலும் பிடிமானம் இல்லாதவருக்கு மடியில் போடும் பெல்ட் மட்டும் போதாது. தோளையும் பிடிக்கும் பட்டை வேண்டும். இடுப்புக்குக் கீழே தொடு உணர்வு இல்லாதவர் கெட்டியான இருக்கையில் உட்கார்ந்தால் படுக்கைப்புண் வரக்கூடும். அதற்கான மெத்தையைப் போட்டால் இருக்கை 5 முதல் 10 செ.மீ. உயரும், கால் பலகையில் பாதம் எட்டாது. வாங்கும்போதே மெத்தையோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

போலியோவுக்காக காலிப்பர் (காலைத் தாங்கும் சட்டம்) போட்டிருப்பவர் முழங்கால் பூட்டைத் திறந்து மடக்கி உட்கார முடிகிறதா என்று பாருங்கள். மடக்க முடியாத கால் நேராக நீண்டு நின்றால் எதிர்ச்சுவரில் இடிக்கும். அடிக்கடி வலிப்பு வருகிறவருக்கும், மறதி நோயில் நடுவழியில் பெல்ட்டைக் கழற்றிவிடக் கூடியவருக்கும் சாவி போட்டுப் பூட்டும் வசதி வேண்டும். கூடவே ஒருவர் படியில் உடன் நடக்க வேண்டும். தசைநார் தேய்வு போல நாளாக ஆக வலு குறையும் நோயானால் இன்றைய உடலுக்கு வாங்காதீர்கள். 2 வருடம் கழித்து எப்படி இருப்பார் என்று மருத்துவரிடம் கேட்டு, அதற்கு ஏற்றதைப் பாருங்கள். கையில் பணம் இருக்கும்போதே மேடை லிஃப்டுக்குப் போவது பல வீடுகளில் லாபம்.

வேறு வழியைப் பற்றியும் இந்த இடத்திலேயே யோசித்துவிடுங்கள். கீழ்த் தளத்தில் ஓர் அறையும் கழிவறையும் கமோடோடு அமைக்க முடிந்தால் அது லிஃப்டை விட மலிவாகவும் பாதுகாப்பாகவும் முடியலாம். வாசலில் இருக்கும் மூன்று படிகளுக்கு ஸ்டேர் லிஃப்ட் வேண்டாம், சாய்தளமே போதும். 1:12 சரிவு என்றால் ஒன்றரை அடி உயரத்துக்கு 18 அடி நீளம். அதே கணக்கில் 10 அடி உயர மாடிக்கு 120 அடி வரும். மாடிக்குச் சாய்தளம் ஏன் யாரும் போடுவதில்லை என்பது அதில் தெரிந்துவிடும்.

இரண்டாவது: முழங்கால் அளவு

இதை இஞ்ச் டேப் ஒன்றை வைத்துக்கொண்டு 10 நிமிடத்தில் செய்துவிடலாம். ஒரு லட்ச ரூபாய்த் தவறைக்கூட இது தவிர்க்கும். அவரை ஓர் இருக்கையில் முதுகு நன்றாகச் சாய்ந்தபடி உட்காரவைத்து, முதுகிலிருந்து முழங்கால் நுனி வரை அளவெடுங்கள். செருப்பு அணிந்த பாதத்தின் நுனியையும் அளந்து, இரண்டில் எது முன்னால் நீண்டிருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். வயது வந்த ஆணுக்கு 60 முதல் 65 செ.மீ. வரும், நெடியவர்களுக்கு இன்னும் கூடும். இதோடு ரெயிலும் மோட்டார் பெட்டியும் முதுகுச்சாய்வும் சேர்ந்து சுவரிலிருந்து எடுத்துக்கொள்ளும் இடத்தைக் கூட்டுங்கள். அது மாடலைப் பொறுத்து 10 முதல் 15 செ.மீ. இருக்கும். ஆக 70 முதல் 80 செ.மீ.

இப்போது படியை அளங்கள். எதிர்ப்பக்கக் கைப்பிடிக் கம்பியின் உள்விளிம்பு வரைதான் கணக்கு, சுவர் வரை அல்ல. 3 அடிப் படியில் கைப்பிடி 8 செ.மீ. உள்ளே நீட்டியிருந்தால் மிச்சம் 83தான். முழங்காலுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு விரலளவு இடம் விட்டுப் போனால் அது போதாது. நான்கு விரல் இடமாவது வேண்டும். படியின் அகலத்தை ஒரே இடத்தில் அளக்காதீர்கள். சுவர் எல்லா இடத்திலும் நேராக இருப்பதில்லை. ஒவ்வொரு மூன்றாவது படியிலும் அளந்து, மிகக் குறுகிய அளவை எழுதிக்கொள்ளுங்கள்.

தலைக்கு மேலும் அளக்க வேண்டும். உட்கார்ந்த நிலையில் பாதத்திலிருந்து உச்சி வரை அளந்து, கால் பலகை படியிலிருந்து எழும்பி இருக்கும் உயரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேல் மாடியின் பீம் படிக்குக் குறுக்கே தாழ்ந்து வரும் வீடுகளில் கடைசி நான்கைந்து படிகளில் தலை இடிக்கும்.

மூன்றாவது: படியின் வடிவம்

நேராக ஒரே வீச்சில் ஏறும் படியானால் வேலை சுலபம். நேர் ரெயில் ரெடிமேடாக வரும், அந்த இடத்திலேயே வெட்டிப் பொருத்திவிடுவார்கள், அரை நாளில் முடியும். பிற்பாடு கழற்றி இன்னொரு நேர்ப்படியில் போடவும் முடியும்.

நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் பாதியில் ஒரு லேண்டிங் வந்து, அங்கிருந்து திரும்பி ஏறும் படிதான் இருக்கும். அதற்கு வளைந்த ரெயில் வேண்டும். அது உங்கள் படிக்கென்றே அளந்து தொழிற்சாலையில் வளைத்து வரும், வாரக்கணக்கில் ஆகும், நேர் ரெயிலை விடப் பல மடங்கு விலை. வேறு வீட்டுக்குப் பயன்படாது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதில் இறங்கவே கூடாது.

செலவைக் குறைக்க, லேண்டிங் வரை ஒரு நேர் லிஃப்ட், அங்கிருந்து இன்னொரு நேர் லிஃப்ட் என்று இரண்டு போடச் சொல்வார்கள். எழுந்து இரண்டு அடி எடுத்து வைத்து மாறி உட்காரக் கூடியவருக்கு இது நல்ல யோசனை. வீல்சேரில் இருப்பவருக்கு ஒத்துவராது. ஒரு தடவை ஏற நான்கு முறை மாற வேண்டும், அதில் இரண்டு நடு லேண்டிங்கில்.

வளைந்த ரெயிலை உள்பக்கம் போடுவதா வெளிச்சுவர்ப் பக்கம் போடுவதா என்ற கேள்வி வரும். உள்பக்கம் என்றால் ரெயில் நீளம் குறையும், ஆனால் நடுக் கைப்பிடியை ஒட்டிச் சுற்றும். சுவர்ப் பக்கம் என்றால் நீளம் கூடும், லேண்டிங்கில் நாற்காலியை ஒதுக்கி நிறுத்தலாம், மற்றவர்கள் உள்கைப்பிடியைப் பிடித்து நடக்கலாம். இடமிருந்தால் சுவர்ப் பக்கமே மேல்.

வெளியே திறந்த வெளியில் இருக்கும் மாடிப்படிக்கு, வெளிப்புறத்துக்கென்றே செய்த மாடல்தான் வேண்டும், உறையும் கூடவே. உள்வீட்டு மாடலைப் போட்டு மேலே தகரக் கூரை இறக்கினால் போதும் என்பார்கள். சாரல் பக்கவாட்டில்தான் வரும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று மின்தொடர்புகளைத் தின்றுவிடும்.

நான்காவது: இரண்டு முனைகள்

கீழ் முனையில் ரெயில் கடைசிப் படியைத் தாண்டித் தரையில் ஓரடி முதல் ஒன்றரை அடி வரை நீட்டி நிற்கும். அந்த இடத்தில் உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். படிக்கட்டு கிரில் கேட், சமையலறைக் கதவு, செருப்பு ஸ்டாண்ட், ஸ்கூட்டர், சம்ப் மூடி என்று ஏதாவது ஒன்று இருக்கும். கேட்டைக் கழற்றிவிடலாம். கதவு வழியை அடைத்தால் மடங்கும் ரெயில் கேளுங்கள். அதில் மோட்டார் வைத்ததும் உண்டு, கையால் மடக்குவதும் உண்டு. உட்காருபவர் தனியாக வந்து போகிறவரானால் மோட்டார் வைத்ததுதான் வேண்டும், குனிந்து மடக்க அவரால் முடியாது.

மேல் முனைதான் மிகவும் ஆபத்தான இடம். நாற்காலி நின்றதும் இருக்கை மாடித் தளத்தை நோக்கித் திரும்ப வேண்டும். அப்போது முதுகுச்சாய்வு படியின் பக்கம் வந்து தடுப்புப் போல நிற்கும். அவர் இறங்கும்போது கால் ஊன்றுவது தளத்தில், படியில் அல்ல. திரும்பிய இருக்கை பூட்டிக்கொள்கிறதா, பூட்டாமல் வண்டி நகர மறுக்கிறதா என்று கட்டாயம் சோதியுங்கள். கையால் நெம்புகோலை இழுத்துத் திருப்பும் மாடல் மலிவு. தோளில் வலு இல்லாதவருக்கு மோட்டார் வைத்த திருப்பம்தான் சரி. திருப்பாமலே இறங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வீல்சேர்க்காரருக்கு இன்னொரு செலவும் இருக்கிறது. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு வீல்சேர் வேண்டும். நாற்காலிக்குப் பக்கத்தில் அதை நிறுத்த 75 செ.மீ. அகலம், 120 செ.மீ. நீளம். முழுதாகத் திருப்ப ஒன்றரை மீட்டர் வட்டம். மாடியில் இறங்கியதும் குறுகிய நடையும் இரண்டரை அடிக் கழிவறைக் கதவும் என்றால், அதை முதலில் சரிசெய்யுங்கள்.

ஐந்தாவது: படி தாங்குமா, கரன்ட் எப்படி

ரெயிலின் தாங்குகால்கள் படிகளின் மேல் பல இடங்களில் போல்ட் போட்டு இறுக்கப்படும். பளபளப்பான கிரானைட் 18 முதல் 20 மி.மீ. கனம், அதன் அடியில் சிமென்ட் பூச்சு இன்னொரு 20, 25. ஆகவே 50 மி.மீ. ஆங்கர் போல்ட் போட்டால் நுனிதான் கான்கிரீட்டைத் தொடும். மேலும், நம் வீடுகள் பலவற்றில் சாய்வு ஸ்லாப் மட்டும்தான் கான்கிரீட், மேலே படியைச் செங்கல் வைத்துக் கட்டியிருப்பார்கள். செங்கல்லில் சாதாரண ஆங்கர் நாளடைவில் ஆடும். வீடு கட்டிய கொத்தனாரையோ இன்ஜினியரையோ கேட்டுப் படியின் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பொருத்துகிறவரிடம் சொல்லுங்கள். செங்கல் என்றால் ரசாயன ஆங்கர் (துளையில் பசை நிரப்பி ஒட்டும் போல்ட்), நீளமான போல்ட், அகலமான தகடு என்று முறை மாறும். கிரானைட்டில் துளையிடும்போது சுத்தியல் அடி இல்லாமல் டைமண்ட் பிட்டால் கல்லைத் தாண்டிவிட்டு, பிறகுதான் அடி கொடுத்துக் கான்கிரீட்டைத் துளைக்க வேண்டும். முதலிலேயே அடித்தால் படியின் மூக்கு விரிசல் விடும்.

கரன்ட் விஷயத்தில் பயப்பட ஒன்றுமில்லை. நாற்காலிக்குள் இருக்கும் பேட்டரிகள்தான் வண்டியை ஓட்டுகின்றன. பொதுவாக 12 வோல்ட் பேட்டரி இரண்டு, ஆக 24 வோல்ட். வீட்டுக் கரன்ட் சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டும். மின்வெட்டு வந்தாலும் நடுவழியில் நிற்காது. முழுச் சார்ஜில் எத்தனை தடவை ஏறி இறங்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ரெயில் முனைக்கருகில் எர்த் உள்ள ஒரு தனி பிளக் பாயின்ட் போதும். அதன் சுவிட்சின் மேல் ‘அணைக்காதீர்’ என்று ஒட்டிவைக்க வேண்டும். ராத்திரி எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் படுக்கும் நல்ல பழக்கம்தான் இந்த பேட்டரிகளின் முதல் எதிரி. ஊருக்குப் போகும்போதும் அதை அணைக்கக் கூடாது.

ஆறாவது: ஓட்டிப் பார்ப்பது

படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஷோரூமிலோ, ஏற்கெனவே போட்ட வீட்டிலோ, உட்காரப் போகிறவரையே அழைத்துச் சென்று ஓட்டிப் பாருங்கள். பெண்கள் வழக்கமாக உடுத்தும் சேலையிலேயே வரட்டும். கொசுவமும் முந்தானையும் ரெயிலின் பல்சட்டத்துக்கு (மோட்டாரின் பற்சக்கரம் பிடித்து ஓடும் பல் வரிசை) எவ்வளவு அருகில் தொங்குகின்றன என்று அப்போதுதான் தெரியும். முந்தானையை மடியில் எடுத்துச் செருகிய பிறகே பெல்ட் போட வேண்டும். வேஷ்டிக்கும் இதே கதைதான், மடித்துக் கட்டிக்கொள்வது நல்லது.

ஓடும்போது இவற்றைச் செய்யுங்கள். சுவிட்சிலிருந்து விரலை எடுங்கள், உடனே நிற்க வேண்டும். தொடர்ந்து அழுத்தினால்தான் ஓட வேண்டும். விரலில் வலு இல்லாதவரால் ஒரு நிமிடம் அப்படி அழுத்திப் பிடிக்க முடிகிறதா? முடியாவிட்டால் அகலமான நெம்புகோல் சுவிட்ச் கேளுங்கள். படியில் ஒரு தலையணையை வைத்துவிட்டு வண்டியை இறக்குங்கள். கால் பலகையின் விளிம்பு அதைத் தொட்டதும் நிற்க வேண்டும். மேலே ஏறும்போதும் இதைச் செய்யுங்கள், மோட்டார் பெட்டிக்கும் இதே உணர்வு இருக்க வேண்டும். இரண்டு மாடியிலும் இருக்கும் ரிமோட்டால் காலி நாற்காலியை வரவழையுங்கள். மடித்து நிறுத்தினால் மற்றவர்கள் நடக்க எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று அளங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுப்படியானால் இந்த அளவுதான் முக்கியம். தீ விபத்தில் எல்லோரும் ஓடும் வழி அது. சங்கத்தின் அனுமதியை எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

விலைப்பட்டியலில் கேட்க வேண்டியவை

உங்கள் ஊருக்கு எத்தனை மணி நேரத்தில் சர்வீஸ் ஆள் வருவார், அவர் அந்த ஊர்க்காரரா சென்னையிலிருந்து வர வேண்டுமா என்பதுதான் முதல் கேள்வி. பிறகு பேட்டரி ஜோடி, சார்ஜர், கன்ட்ரோல் போர்டு ஆகியவற்றின் இன்றைய விலையையும், அவை இந்தியாவில் இருப்பில் இருக்கின்றனவா என்பதையும் கேளுங்கள். மடங்கும் ரெயில், மோட்டார் திருப்பம், தோள்பட்டை பெல்ட் என்று தனித்தனியாக விலை போடச் சொல்லுங்கள். தேவையில்லாதபோது கழற்றும் கூலியையும், திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்பதையும் இப்போதே பேசுங்கள். செகண்ட் ஹேண்டில் நேர் ரெயில் வாங்கலாம், பேட்டரி புதிதாக இருந்தால் போதும். வளைந்த ரெயிலை செகண்ட் ஹேண்டில் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம், உங்கள் படியில் அது உட்காராது.

ஓடாமல் நின்றால்

பெரும்பாலான நாட்களில் பழுது எதுவும் இருக்காது. முதலில் இருக்கை முழுதாகத் திரும்பிப் பூட்டியிருக்கிறதா என்று அசைத்துப் பாருங்கள். பிறகு கைதாங்கிகள் இறங்கியிருக்கின்றனவா, சாவி போட்டிருக்கிறதா, கால் பலகையின் கீழே பொம்மையோ செருப்போ சிக்கியிருக்கிறதா, சிவப்பு நிறுத்து பட்டனை யாராவது அழுத்திவிட்டார்களா, ரிமோட்டில் செல் தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். பீப் பீப் என்று சத்தம் வந்தால் நாற்காலி சார்ஜ் பாயின்ட்டில் சரியாக நிற்கவில்லை என்று பொருள். பல மாடல்களில் சார்ஜ் ஏறுவது ரெயிலின் முனைகளில் மட்டும்தான். வழியை மறைக்கிறதென்று யாரோ நடுப்படியில் நிறுத்திவிட்டிருப்பார்கள்.

மேலே போகும்போது திணறுகிறது, பாதியில் மெதுவாகிறது என்றால் பேட்டரி முடிந்துவிட்டது. நம் வெயிலில் இரண்டு மூன்று வருடம்தான் வரும். ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது, இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கடகடவென்று சத்தம் வந்தால் பல்சட்டத்தில் மணலும் முடியும் சேர்ந்திருக்கும். உலர்ந்த துணியால் துடையுங்கள். வீட்டுத் தேங்காய் எண்ணெயையோ மோட்டார் ஆயிலையோ ஊற்றாதீர்கள், அதில் தூசி பசைபோல ஒட்டிக்கொள்ளும். படியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கமும் நிற்க வேண்டும், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பொருத்துகிற நாளிலேயே இன்னொன்றையும் கற்றுக்கொள்ளுங்கள். வண்டி நடுவழியில் முழுதாகச் செயலிழந்தால் கையால் சுழற்றி இறக்கும் சக்கரம் பல மாடல்களில் உண்டு. அதை எங்கே மாட்டுவது, எந்தப் பக்கம் சுற்றுவது என்பதைக் காலி நாற்காலியில் வீட்டிலிருக்கும் ஒவ்வொருவரும் ஒரு தடவை செய்து பார்க்கட்டும். சக்கரம் மேஜை இழுப்பறையில் கிடக்கக் கூடாது. கீழ்ப்படிக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கட்டும்.